அக்கா அரைத்த அம்லூ

தாஃப்ராவுத்
14 செப்டம்பர் 1986

என் வீட்டுக்காரர் இத்தர் அவர்களுக்கு, கல்தூம் ஸலாம் சொல்லி எழுதுவது.

அல்லாஹ்வின் கிருபையால் நானும் நம் மகள் இஜ்ஜாவும் சுகம். அவளுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. உங்கள் பெயரைச் சொல்லச் சொன்னால் காற்றுதான் வருகிறது. உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? காஸாபிளாங்காவின் ஈரக்காற்று உங்கள் நெஞ்சுக்கு ஆகாது. கடைக் கதவைத் திறந்துபோட்டு உட்கார்ந்திருக்காதீர்கள்.

பாதாம் அடித்து, உரித்து, உடைத்து முடித்தாயிற்று. என் விரல் பத்தும் கறுத்துக் கிடக்கின்றன. முதல் ஈட்டில் வறுத்ததைத் திருகையில் அரைத்து, அர்கான் எண்ணெயும் மலைத்தேனும் சேர்த்து ஒரு ஜாடி அம்லூ பஸ்காரர் ஹம்மு கையில் கொடுத்தனுப்பியிருக்கிறேன். உங்களுக்குப் பிடித்த மாதிரி கொரகொரப்பாகவே விட்டிருக்கிறேன். காலையில் சூடான ரொட்டியைத் தோய்த்து இரண்டு வாய் சாப்பிடுங்கள். நாள் முழுக்கக் கல்லாவில் நிற்கிறவருக்கு அதைவிடத் தெம்பு வேறு கிடையாது.

ஆனால் ஒன்று. கடைக்கு வரும் பெண்களுக்கு ருசி பார்க்க நீட்டாதீர்கள். போன வருஷம், "மூணாம் மாடி டீச்சரம்மா ஒரு விரல் தொட்டுப் பாத்துட்டு அசந்துபோயிட்டாங்க" என்று வந்து சொன்னீர்களே, அந்த விரல் இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. டீச்சரம்மாவுக்கு வேண்டுமானால் அவர் புருஷன் அரைத்துக் கொடுக்கட்டும்.

அக்டோபரோடு கடையில் உங்கள் ஆறு மாத முறை முடிகிறது. அடுத்த ஆறு மாதத்துக்கு உங்கள் தம்பி மூசா கிளம்பத் தயார். அவர் மனைவி யாமினா இப்போதே மூக்கைச் சிந்திக்கொண்டு திரிகிறாள். ஆறு மாதம் அவள் தன் புருஷனுக்குத் தேநீர் ஊற்றுவதை முற்றத்துக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்தது போதும். இனி அவள் பார்க்கட்டும்.

உங்கள் வரவை எண்ணிக்கொண்டிருக்கும்
கல்தூம்


காஸாபிளாங்கா
19 அக்டோபர் 1986

கல்தூமுக்கு இத்தரின் ஸலாம். குழந்தைக்கு என் முத்தம்.

இங்கே எல்லாம் நலம். அங்கே எல்லாரும் நலம்தானே? ஜாடி பத்திரமாக வந்தது. இருபதே நாளில் காலி.

இந்த முறை நானே இங்கு தொடர்ந்து இருந்துவிடலாம் என்று நினைக்கிறேன். மூசாவுக்கு முதுகுவலி என்று கேள்வி. பாவம், அவனை அலையவிட வேண்டாம். பக்கத்துத் தெருவில் புதிதாக ஒருவன் மளிகைக் கடை போட்டிருக்கிறான். இந்த நேரத்தில் ஆள் மாறினால் வாடிக்கை போய்விடும். நீ புத்திசாலி, உனக்குப் புரியும்.

அம்லூ இன்னும் இரண்டு ஜாடி அனுப்பு. இந்தத் தடவை மைபோல அரை. தேனைக் கொஞ்சம் கூட்டிப் போடு. குளிர்காலம் வருகிறது, உடம்புக்குச் சத்து வேண்டும். எனக்குத்தான், வேறு யாருக்கும் இல்லை.

வேலை அதிகம். பிறகு எழுதுகிறேன்.

இத்தர்


தாஃப்ராவுத்
8 நவம்பர் 1986

என் வீட்டுக்காரருக்கு, கல்தூம் எழுதுவது.

நாங்கள் சுகம். உங்கள் சுகத்துக்கு ஐந்து வேளைத் தொழுகையிலும் கேட்கிறேன்.

மூசாவின் முதுகு நேற்று ஒரு மூட்டை பார்லியை மாடியில் ஏற்றி வைத்துவிட்டு இறங்கி வந்தது. வலி எங்கே என்று கேட்டேன். "எனக்கா? யாரு மதினி சொன்னா? அண்ணன்தான் இரு இருன்னு சொல்லி அனுப்பிச்சாரு" என்றார். யாமினா பின்னாலிருந்து சிரித்தாள். அவளுக்கென்ன, சிரிப்பாள். அவள் புருஷன் சட்டை அவள் வீட்டுக் கொடியில் காய்கிறது.

இரண்டு ஜாடி அனுப்பியிருக்கிறேன், நீங்கள் கேட்டபடி மைபோல. இரண்டு நாள் திருகை சுற்றியதில் தோள்பட்டை இறங்கிவிட்டது. ஒன்று மட்டும் விளங்கவில்லை. பாதாம் பல்லில் கடிபடாவிட்டால் அது அம்லூவே இல்லை, மருந்து என்று நிக்காஹ் ஆன முதல் வாரமே என்னைத் திருத்தியவர் நீங்கள். எட்டு வருஷத்துக்குப் பிறகு பல்லுக்கு என்ன வந்தது? தேனும் உங்களுக்குத் திகட்டுமே?

நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் சந்தேகக்காரி என்பீர்கள். எப்போது வருகிறீர்கள் என்று மட்டும் எழுதுங்கள்.

கல்தூம்


காஸாபிளாங்கா
29 மார்ச் 1987

கல்தூமுக்கு ஸலாம்.

நலம். நலமே இருங்கள். நீ போட்ட மூன்று கடிதமும் கிடைத்தன. பதில் எழுத நேரமில்லை, கோபிக்காதே. ரமலான் வேறு நெருங்குகிறது, கடையில் கூட்டம் தாங்கவில்லை.

வெறும் ஜாடியைத் திருப்பி அனுப்பக் கூடாது என்று எப்போதும் சொல்வாய் அல்லவா? அதனால் ஒரு ஜாடி நிறைய செல்லூ அனுப்பியிருக்கிறேன். பக்கத்து வீட்டு அம்மா கொடுத்தது. பாதாம், எள், வறுத்த மாவு எல்லாம் போட்டது. இஜ்ஜாவுக்குக் கொடு.

இத்தர்


(அதே ஜாடியில், மாவுக்கு மேல் மடித்துப் போட்ட துணிக்கு அடியில் இருந்தது)

காஸாபிளாங்கா
28 மார்ச் 1987

மரியாதைக்குரிய என் மதினி கல்தூம் அவர்களுக்கு, உங்கள் தம்பி மனைவி பத்தூல் உங்கள் கையை முத்தமிட்டு எழுதுவது.

அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஆயுளைத் தரட்டும். நானும் குழந்தையும் நலம். போன வாரம்தான் நாற்பது முடிந்தது. ஹிஷாம் என்று பெயர் வைத்திருக்கிறோம். மூக்கு அப்படியே உங்கள் தம்பி. "எங்க அக்காவுக்கும் இதே மூக்குதான்" என்று அவர் சொன்னார்.

உங்களுக்கு நன்றி சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது, அதனால்தான் அவருக்குத் தெரியாமல் எழுதுகிறேன். மாசமாக இருந்தபோது எதைத் தின்றாலும் குமட்டியது. உங்கள் அம்லூ ஒன்றுதான் வயிற்றில் தங்கியது. தினமும் காலையில் கடைக்கு இறங்குவதற்கு முன் ரொட்டியில் தடவி அவரே ஊட்டிவிடுவார். முதல் ஜாடியில் பாதாம் பல்லில் சிக்குகிறது என்று சிணுங்கினேன். உடனே உங்களுக்கு எழுதி நைசாக அரைக்கச் சொல்லிவிட்டார். உங்கள் தோள் எவ்வளவு வலித்திருக்கும்! மன்னித்துவிடுங்கள்.

எனக்கு அப்பா இல்லை, கூடப்பிறந்தவர்களும் இல்லை. போன மே மாதம் நடந்த நிக்காஹ்வுக்கு உங்களால் வர முடியாமல் போனது எனக்கு இன்னும் குறைதான். தம்பியை வளர்ப்பதற்காகவே நீங்கள் கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டீர்களாமே. அதைக் கேட்ட அன்று அழுதேன். அந்தக் கடனுக்கு என் பேறுகாலத்துச் செல்லூவில் ஒரு ஜாடி உங்களுக்கு. என் அம்மா ஸலேயிலிருந்து வந்து வறுத்தது.

ஒரு வேண்டுகோள். அம்லூவை எப்படி அரைப்பது என்று எனக்கு எழுதுவீர்களா? கடைக்கு எழுதாதீர்கள், அவர் பிரித்துவிடுவார். வீட்டு விலாசம் கீழே. பெண்கள் பேச்சு நமக்குள் இருக்கட்டும்.

உங்கள் பிரியமுள்ள
பத்தூல்


தாஃப்ராவுத்
12 ஏப்ரல் 1987

பத்தூலுக்கு, கல்தூமின் ஸலாம்.

உன் கடிதம் கிடைத்தது. செல்லூவும் கிடைத்தது. மூடியைத் திறந்ததுமே சோம்பு வாசம் வந்தது. ரமலான் பிறக்காத மாதத்தில் செல்லூ என்றால் எந்த வீட்டில் தொட்டில் ஆடுகிறது என்றுதான் எங்கள் பக்கம் கேட்பார்கள். என் தம்பிக்கு அது தெரியவில்லை. மளிகைக் கடை வைத்து என்ன பிரயோஜனம்?

நல்ல கைப்பக்குவம் உன் அம்மாவுக்கு. எள் ஒரு பிடி அதிகம், அவ்வளவுதான்.

தம்பி கல்யாணத்துக்கு வர முடியாதபடி எனக்கு அப்போது வேலை இருந்தது. அவனைப் பற்றிக் கேட்டு எழுத எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்? அதனால் உன்னிடம் கேட்கிறேன். அவன் இப்போதும் சுவர்ப் பக்கம்தான் படுக்கிறானா? தூக்கத்தில் பேசுகிறானா? யார் பேரையாவது சொல்கிறானா? உனக்கு ஊட்டிவிடும்போது என்ன சொல்லி ஊட்டுவான்? சின்ன வயதில் யாருக்கும் ஒரு வாய் ஊட்டியவன் இல்லை, அதனால்தான் கேட்கிறேன். உன் தலைமுடி நீளமா? உனக்கு வயது என்ன?

அம்லூ பக்குவம் ஒரு கடிதத்தில் எழுதி வருவதில்லை. வறுக்கும்போது பக்கத்தில் நின்று மூக்கால் பார்க்க வேண்டும். பிறகு பார்க்கலாம்.

குழந்தைக்குக் கண்ணேறு படாமல் இருக்கட்டும்.

உன்
மதினி கல்தூம்


காஸாபிளாங்கா
24 ஏப்ரல் 1987

மதிப்புக்குரிய மதினிக்கு பத்தூல் ஸலாம் கூறுவது.

உங்கள் உடம்பு சுகம்தானா? உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். நாங்கள் நலம். ஹிஷாம் இப்போது சிரிக்கிறான்.

எனக்கு இருபத்திரண்டு. முடி இடுப்பு வரை. அவர் சுவர்ப் பக்கம்தான் படுப்பார். தூக்கத்தில் பேசுவதில்லை. ஊட்டும்போது, "இது எங்க ஊர் மலை, முழுங்கு" என்பார். அவ்வளவுதான்.

மதினி, ஒன்று கேட்டால் தப்பாக நினைக்கக் கூடாது. நீங்கள் அவரைவிட எத்தனை வயது மூத்தவர்? அவரிடம் கேட்டேன், பத்து என்றார். போன மாதம் ஐந்து என்றிருந்தார். உங்கள் போட்டோ ஒன்று அனுப்ப முடியுமா?

அம்லூ பக்குவத்தைக் கட்டாயம் எழுதுங்கள். நெருக்குகிறேனே என்று கோபம் வேண்டாம். எனக்கு அது ரொம்ப வேண்டியிருக்கிறது.

பத்தூல்


தாஃப்ராவுத்
10 மே 1987

என் அருமைத் தம்பி இத்தருக்கு, உன் அக்கா கல்தூம் ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது.

நலமா? நோன்பு நாட்கள் நல்லபடி போகின்றனவா? உன் மனைவி பத்தூலும் மகன் ஹிஷாமும் நலமா?

கையிலிருக்கும் தேநீரைக் கீழே வைத்துவிட்டு மிச்சத்தைப் படி. ரமலான் பகலில் தேநீர் ஏது என்று நடிக்காதே, உன்னை எனக்குத் தெரியும்.

எட்டு வருஷம் உனக்கு மனைவியாக இருந்தேன். ஒரு வாய் ஊட்டியதில்லை. அவளுக்குத் தினமும் ஊட்டியிருக்கிறாய், அதுவும் நான் அரைத்ததை. தோள் வலிக்க வலிக்க, என் புருஷன் பல்லுக்கு என்ன வந்ததோ என்று கவலைப்பட்டு அரைத்ததை. இன்னொருத்தியைக் கட்டினாய் என்பதை எப்படியாவது விழுங்கிவிடுவேன் என்று நினைக்கிறேன். ஊட்டினாய் என்பது தொண்டையை விட்டு இறங்கவில்லை. என்னை அக்காவாக்கினாய், சரி. பத்து வயது கூட்டியும் வைத்தாயே, அது எதற்கு? நம் நிக்காஹ் ஊரார் முன் ஃபாத்திஹா ஓதி முடிந்தது, எழுத்தில் இல்லை என்ற தைரியமா?

உண்மையைச் சொல்கிறேன். கிணற்றடியில் தின்றால் விஷமாகும் கசப்புப் பாதாம் மரம் ஒன்று நிற்கிறதே, அதன் அடியில் ஒரு சாயங்காலம் மடி நிறையப் பொறுக்கினேன். அடுத்த ஜாடியை அதில் அரைத்து அனுப்பினால் என்ன என்று நினைத்தேன். பால் கொடுக்கிறவள் என்று ஞாபகம் வந்தது. மடியை உதறிக் கொட்டிவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன். பொறாமை என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது பார். அதற்காக உன்னை மன்னிக்கவே மாட்டேன்.

பிறகு பள்ளிவாசல் இமாமிடம் போனேன்.

"பொண்டாட்டிய எனக்கு அக்கான்னு ஒருத்தன் சொல்லிட்டா என்னங்க ஆகும்?"

"யாரும்மா சொன்னது?"

"ஒருத்தன்."

அவர் என்னையே பார்த்தார். "தள்ளி வெக்கணும்னு மனசுல நெனச்சுச் சொல்லியிருந்தா, பரிகாரம் பண்ணாம அவளத் தொடக் கூடாது. ரெண்டு மாசம் விடாம நோன்பு. நடுவுல ஒரு நாள் போச்சுன்னா மறுபடி மொதல்லேருந்து. அப்படி நெனைக்காம சும்மா பொய் சொல்லியிருந்தா நோன்பு கெடையாது. பொய்யோட பாவம்தான். எதுன்னு அந்த ஒருத்தன்தான் சொல்லணும்."

ஆகவே இரண்டில் ஒன்றை நீயே எடுத்துக்கொள். பொய்தான் சொன்னேன் என்றால், அதைப் பத்தூலின் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டு எனக்கு எழுது. நிஜமாகத்தான் சொன்னேன் என்றால், பெருநாள் முடிந்ததும் அறுபது நாள் பட்டினி கிட. அதுவரை நீ எனக்குத் தம்பி. வீட்டுக்கு வந்தால் விருந்தினர் அறையில் பாய் உண்டு.

உன்
அக்கா கல்தூம்


ஸலே
31 மே 1987

கல்தூம் அவர்களுக்கு, பத்தூல்.

பெருநாள் வாழ்த்து. மதினி என்று எழுத இனிமேல் எனக்குக் கை வராது. அக்கா என்று எழுதலாமா? அதுவும் அவர் உங்களுக்கு வைத்த பெயர்தான். அதனால் வெறும் பெயர்.

எந்த நாத்தனாரும் தம்பி எந்தப் பக்கம் படுக்கிறான் என்று கேட்க மாட்டாள். என் முடி எவ்வளவு நீளம் என்று கேட்டீர்களே, அந்த வரிக்காகத்தான் கடிதத்தை மூன்று முறை படித்தேன். அப்போதே முக்கால்வாசி புரிந்துவிட்டது. மிச்சத்தைப் பெருநாளன்று அவரிடமே கேட்டேன்.

"கல்தூம் உங்களுக்கு யாரு?"

"அக்கான்னு சொன்னேன்ல."

"குழந்த தலையில கைய வெச்சு சொல்லுங்க."

கையைத் தூக்கினார். வைக்கவில்லை. அப்படியே இறக்கிவிட்டார். நான் துணிமணியை எடுத்துக் கட்டினேன். "அவங்க அக்கான்னா இனிமே நான் தங்கச்சி. பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு என் அம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன்.

நீங்கள் என்மேல் எவ்வளவு எரிந்திருப்பீர்கள் என்று தெரியும். நானும் எரிந்தேன், அதையும் தெரிந்துகொள்ளுங்கள். எனக்கு ஊட்டிய பிறகு ஜாடியில் ஒட்டியிருப்பதை ஒரு விரலால் வழித்து அவர் வாயில் வைத்துக்கொள்வார். கண்ணை மூடிக்கொள்வார். அந்த நேரம் நான் கூப்பிட்டால் காதில் விழாது. அக்காமேல் இவ்வளவு பாசமா என்று நினைத்துப் பார்த்தேன். பாசம் அப்படி இருக்காது. அந்த ஜாடியைக் கீழே போட்டு உடைக்கலாமா என்று எத்தனை நாள் பார்த்துக்கொண்டு நின்றேன் தெரியுமா? உங்களிடம் பக்குவம் கேட்டது நன்றியால் இல்லை. நானே அரைத்துவிட்டால் அந்தக் கண் மூடுவது எனக்காக இருக்கும் என்றுதான்.

உங்களுக்கு ஒரு மகள் இருக்கிறாள் என்பதையும் அன்றுதான் சொன்னார். அவளுக்கு என் முத்தம். உங்கள் மன்னிப்பைக் கேட்கிறேன். அம்லூ பக்குவம் இனி வேண்டாம்.

பத்தூல்


காஸாபிளாங்கா
11 ஜூன் 1987

என் கண்ணே கல்தூமுக்கு, இத்தர் ஆயிரம் ஸலாமுடன் எழுதுவது.

உன் உடம்பு எப்படி? குழந்தை எப்படி? என் உடம்பைக் கேட்காதே.

பத்தூல் போய்விட்டாள். போகும்போது தங்கச்சி என்று சொல்லிவிட்டுப் போனாள். நீ அக்கா என்கிறாய். இரண்டு மனைவி இருந்தவனுக்கு இன்று இரண்டு சகோதரிகள்தான் மிச்சம். கடையில் உட்கார்ந்து உப்பைச் சீனி என்று நிறுத்துக் கொடுக்கிறேன். வாடிக்கைக்காரர்கள் திட்டுகிறார்கள்.

நான் செய்தது தப்பு. தனிமை தாங்கவில்லை. அதற்குமேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஜூன் ஒன்றாம் தேதி முதல் நோன்பு வைத்திருக்கிறேன். இன்று பதினொன்று. இந்த நோன்பு உனக்காகத்தான், உனக்காக மட்டும்தான். கோடைப் பகல் நீளம், மதியத்துக்கு மேல் கண் இருட்டுகிறது. விடியுமுன் சாப்பிடும் ஸஹர் நேரத்தில் ரொட்டியும் தண்ணீரும் மட்டும் போதவில்லை. உன் கையால் ஒரு ஜாடி அம்லூ வந்தால் அறுபதையும் முடித்துவிடுவேன். கொரகொரப்பாகவே இருக்கட்டும். எனக்கே எனக்குத்தான்.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு உன் வாசலில் நிற்பேன்.

உன்
இத்தர்


ஸலே
18 ஜூன் 1987

கல்தூம் அவர்களுக்கு,

நலம். நலமறிய ஆவல்.

இதனுடன் அவர் எனக்கு எழுதிய கடிதத்தை வைத்திருக்கிறேன். தேதியைப் பாருங்கள். ஆறாவது வரியையும் பாருங்கள். உங்களுக்கும் ஒன்று வந்திருக்கும் என்று என் மனம் சொல்கிறது. வராமல் இருந்தால் இதை அடுப்பில் போட்டுவிடுங்கள், நான் தோற்றேன் என்று எடுத்துக்கொள்கிறேன்.

வந்திருந்தால் ஒன்று சொல்கிறேன். எனக்கு அவர் நோன்பு வேண்டாம். என் பங்கை நான் விட்டுவிட்டேன். பிள்ளையைப் பார்க்க வரட்டும், கதவு திறந்திருக்கும். என்னைப் பார்க்க வர வேண்டாம்.

பால் சுரப்பு குறைந்துவிட்டது. கவலையால் என்று அம்மா சொல்கிறாள்.

பத்தூல்


தாஃப்ராவுத்
28 ஜூன் 1987

தம்பி இத்தருக்கு, கல்தூம் எழுதுவது.

நாங்கள் சுகம். இஜ்ஜாவுக்குப் புதுப்பல் இரண்டும் முளைத்துவிட்டன. இப்போது உன் பெயரைத் தெளிவாகச் சொல்கிறாள், அதனால் இங்கே யாரும் சொல்லச் சொல்வதில்லை.

நீ எனக்கு எழுதிய கடிதத்தையும் பத்தூலுக்கு எழுதியதையும் பக்கத்துப் பக்கத்தில் விரித்து வைத்துப் படித்தேன். இரண்டும் பதினொன்றாம் தேதி. "இந்த நோன்பு உனக்காகத்தான், உனக்காக மட்டும்தான்." ஒரு எழுத்து மாறவில்லை. எதை முதலில் எழுதினாய், எதைப் பார்த்து எதை எழுதினாய் என்று மையைத் தடவித் தடவிப் பார்த்தேன். அவள் கடிதத்தின் மடிப்பு நேராக இருக்கிறது. என்னுடையது கோணல். அதற்கும் எனக்குப் பொறாமை வந்தது. என்னை இப்படி ஆக்கிவிட்டாய்.

மறுபடி இமாமிடம் போனேன். அவர் என்னைக் கண்டதுமே தாடியைப் பிடித்துக்கொண்டார்.

"அந்த ஒருத்தனா?"

"ஆமாங்க. ஒரே நோன்ப ரெண்டு பொண்டாட்டி பேருலயும் வெச்சிருக்கான்."

"ரெண்டு பேருக்குன்னா ரெண்டு அறுபதும்மா. இது யாருக்குன்னு மனசுல ஒருத்தரப் பிடிச்சு வெக்காத நோன்பு, வெறும் பட்டினிதான்."

கேட்டாயா? இதுவரை நீ கிடந்தது எனக்கும் இல்லை, அவளுக்கும் இல்லை. இன்றைக்கே புதிதாகத் தொடங்கினாலும் ஹஜ்ஜுப் பெருநாள் குறுக்கே வந்துவிடும், அன்று நோன்பு கூடாது. அதனால் பெருநாளுக்கு நல்லபடி தின்றுவிட்டு, அந்த நாட்கள் கழிந்ததும் ஆகஸ்டில் தொடங்கு. இங்கே வாசலில் வந்து நிற்காதே. உன் பேச்சில் நம்பிக்கை போய்விட்டதால், நோன்பு நாட்களை எண்ணுவதற்கு மூசாவை அனுப்புகிறேன். முற்றத்தில் யாமினா இரண்டு நாளாக முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறாள். பார்க்க எனக்குக் கொஞ்சம் நன்றாகத்தான் இருக்கிறது.

அம்லூ கேட்டாய். அரைத்தேன். ஜாடி ஸலேவுக்குப் போய்விட்டது. பால் கொடுக்கிறவளுக்கு வேண்டும், பிள்ளை என்ன பாவம் செய்தது? மைபோல அரைத்தேன், அவளுக்கு அப்படித்தான் இறங்கும். தேனை மட்டும் கூட்டவில்லை. அவ்வளவுக்கு நான் நல்லவள் இல்லை.

பத்தூல் தன் பங்கு அறுபதை விட்டுவிட்டாளாம், எழுதியிருக்கிறாள். அது உனக்கு மிச்சம் என்று நினைத்துவிடாதே. அதையும் நான் எடுத்துக்கொண்டேன். ஆக மொத்தம் நூற்றிருபது. ஒவ்வொரு நாளும் விடிவதற்கு முன் மூசாவின் காதில் விழும்படி இந்த நோன்பு இவளுக்கு என்று என் பெயரைச் சொல்லி நிய்யத் வைத்துத் தொடங்கு.

கல்தூம்